மெட்டட்ரான் யார்? ‘ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்’ வில்லனுக்குப் பின்னால் இருக்கும் தேவதூதர் கதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிலிப் புல்மேனின் ‘ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்’ நாவல் வரிசையை முடித்தவர்களும், 2022இல் வந்த டிவி தொடரின் மூன்றாவது சீசனைப் பார்த்தவர்களும் பெரும்பாலும் கேட்பது மெட்டட்ரானைப் பற்றித்தான். எங்கிருந்து வந்தான், ஏன் அவ்வளவு கோபம், கடைசியில் ஏன் அப்படி ஏமாந்தான்? இந்தப் பக்கம் கதையின் முடிவு வரை எல்லாவற்றையும் போட்டு உடைக்கும். இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வருவது நல்லது.

கதையில் மெட்டட்ரான் யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

மூன்றாவது நாவலான ‘தி ஆம்பர் ஸ்பைகிளாஸ்’ (2000) புத்தகத்தில்தான் ஆள் வெளியே வருகிறான். அந்த உலகில் எல்லோரும் கடவுள் என்று வணங்கும் ‘அத்தாரிட்டி’ உண்மையில் படைத்தவர் இல்லை. முதலில் தோன்றிய தேவதூதர், அவ்வளவுதான். தனக்குப் பின் வந்தவர்களிடம் ‘உங்களைப் படைத்தது நான்’ என்று பொய் சொல்லிப் பெரியவர் ஆனவர். இப்போது தள்ளாத வயது. ஆட்சி முழுக்க அவருடைய ரீஜென்ட், அதாவது ராஜப்பிரதிநிதி மெட்டட்ரான் கையில். மேகம் சூழ்ந்து நகரும் மலைக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு, எல்லா உலகங்களையும் நேரடியாகத் தன் பிடிக்குள் கொண்டுவரத் திட்டம் போடுகிறான்.

இந்த விவரம் வில் என்ற சிறுவனுக்கு பல்தமோஸ், பாரூக் என்ற இரண்டு தேவதூதர்கள் மூலம் தெரியவருகிறது. மெட்டட்ரான் ஒரு காலத்தில் மனிதன், பெயர் ஏனோக்கு, யாரேத்தின் மகன், மகலாலெயேலின் பேரன் என்று அவர்கள் சொல்லும் இடம்தான் முக்கியம். பைபிள் பழக்கமுள்ள வாசகர் அங்கேயே நிமிர்ந்து உட்காருவார்.

அப்படியானால் இது புல்மேன் இட்ட பெயர் இல்லையா?

இல்லை. மெட்டட்ரான் யூத மரபில் பழைய பெயர். யூதப் பண்டிதர்களின் சட்ட விவாதங்களையும் கதைகளையும் தொகுத்த பாபிலோனியத் தால்மூதில் சில இடங்களில் வருகிறது. பழைய மெசொப்பொத்தேமியாவில் பேய் பிசாசு அண்டாமல் இருக்க வீட்டில் கவிழ்த்துப் புதைத்த மண்கிண்ணங்களில், உட்புறம் சுழன்று சுழன்று எழுதிய அரமேய மந்திரங்களிலும் இருக்கிறது. பண்டிதர்கள் தயங்கித் தயங்கிப் பேசிய பெயரைச் சாதாரண ஜனங்கள் காவலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஒரு மனிதன் எப்படித் தேவதூதன் ஆனான்?

ஆதியாகமம் ஐந்தாம் அதிகாரம் ஒரு வம்ச அட்டவணை. ஆதாம் முதல் நோவா வரை ஒவ்வொருவரும் இத்தனை வருஷம் உயிரோடிருந்தான், பிள்ளைகளைப் பெற்றான், மரித்தான் என்று ஒரே தாளத்தில் போகும். ஏழாவது தலைமுறையில் மட்டும் தாளம் தப்புகிறது. “ஏனோக்கு தேவனோடே சஞ்சரித்துக்கொண்டிருக்கையில், காணப்படாமற்போனான், தேவன் அவனை எடுத்துக்கொண்டார்.” மரித்தான் என்ற சொல்லே இல்லை. வயதும் வித்தியாசம்: அவருடைய மகன் மெத்தூசலா 969 வருஷம் வாழ்ந்தார், ஏனோக்குக்கு 365தான்.

எடுத்துக்கொண்டார் என்றால் எங்கே? போய் என்ன ஆனார்? இந்தக் கேள்விகளை வைத்தே பல நூற்றாண்டுகள் கதை வளர்ந்தது. ஏனோக்கின் பெயரில் வந்த நூல்களில் மூன்றை ஆய்வாளர்கள் 1, 2, 3 ஏனோக்கு என்று எண் போட்டு அழைக்கிறார்கள். முதலாவதில் அவர் வானங்களைச் சுற்றிப் பார்க்கும் எழுத்தர். ஸ்லாவோனிய மொழியில் பிழைத்த இரண்டாவதில், மிகாயேல் அவருடைய மண்ணுலக உடையைக் களைந்து, எண்ணெய் பூசி, ஒளி ஆடை உடுத்துகிறார். தன்னைப் பார்த்தால் மற்ற ஒளியுடையவர்களில் ஒருவனாகத் தெரிந்தது, வித்தியாசமே இல்லை என்கிறார் ஏனோக்கு.

மூன்றாவது நூல்தான் நமக்கு வேண்டியது. எபிரேயத்தில் எழுதப்பட்டது, கி.பி. ஐந்து, ஆறாம் நூற்றாண்டு வாக்கில் உருவானது என்று பலர் கருதுகிறார்கள். இஸ்மாயேல் என்ற ரபி, அதாவது யூத மதகுரு, வானத்துக்கு ஏறிப்போக, மெட்டட்ரானே எதிரே வந்து தன் கதையைச் சொல்வதாக அமைப்பு. ‘நான்தான் ஏனோக்கு, யாரேத்தின் மகன்.’ அவருடைய உடல் உலகத்தின் நீள அகலத்துக்கு வளர்கிறது. பக்கத்துக்கு 36 ஆக 72 சிறகுகள். சதை தீயாகிறது, எலும்பு சூரைச்செடித் தழலாகிறது, இமை மயிர் மின்னலாகிறது, கண்விழி தீப்பந்தமாகிறது. படிக்கும்போது மகிமையைவிட வலிதான் எனக்கு முதலில் தெரிகிறது. ஒரு மனித உடம்பை அங்கம் அங்கமாக எரித்துத்தான் அந்தத் தேவதூதனைச் செய்திருக்கிறார்கள்.

அதே நூலில் இன்னொரு சிறு விஷயம். நேற்று வந்த மனிதனுக்கு இவ்வளவு இடமா என்று மூத்த தேவதூதர்கள் முறையிடுகிறார்கள். வானத்தில் அவருக்குச் ‘சின்னப் பையன்’ என்று ஒரு பெயரும் உண்டு. எல்லாரிலும் இளையவர் என்பதால்.

நாவலின் ‘ராஜப்பிரதிநிதி’ என்ற பதவியும் அங்கிருந்து வந்ததா?

பதவி அங்கே இருக்கிறது; கெட்ட எண்ணம் இல்லை. 3 ஏனோக்கில் அவருக்குச் சிம்மாசனம், கிரீடம், ‘சிறிய யாவே’ என்று கடவுளின் திருப்பெயரையே கொண்ட பட்டம் எல்லாம் தரப்படுகின்றன. ஒரே கடவுளை நம்பும் மரபில் இது எவ்வளவு ஆபத்தான வாசகம் என்று சொல்லவேண்டியதில்லை.

அந்த ஆபத்தைத் தால்மூத் ஒரு சின்னக் காட்சியில் பிடித்துவிடுகிறது. ஹகிகா பகுதியில் வரும் கதை இது. எலிஷா பென் அபூயா என்ற பெரிய அறிஞர் மேலுலகக் காட்சி காண்கிறார். அங்கே மெட்டட்ரான் உட்கார்ந்து இஸ்ரவேலரின் புண்ணியக் கணக்கை எழுதிக்கொண்டிருக்கிறார். மேலே யாரும் உட்காருவதில்லை என்று அல்லவா கற்றோம்? உட்கார்ந்திருக்கிறாரே, ஒருவேளை அதிகாரங்கள் இரண்டோ என்று எலிஷா நினைக்கிறார். அந்த ஒரு நினைப்போடு அவருடைய விசுவாசம் போயிற்று. அதன்பின் தால்மூத் அவர் பெயரைச் சொல்லாமல் ‘மற்றவன்’ என்றே குறிக்கிறது.

தண்டனை மெட்டட்ரானுக்கும் உண்டு. ‘அவன் வந்தபோது நீ ஏன் எழுந்து நிற்கவில்லை?’ என்று கேட்டு, வெளியே கொண்டுபோய் அறுபது நெருப்புச் சாட்டையடி கொடுக்கிறார்கள். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. எழுதுவதற்காக உட்கார அனுமதி வாங்கித்தான் உட்கார்ந்திருந்தார். பார்த்தவன் தப்பாகப் புரிந்துகொண்டதற்கு இவருக்கு அடி.

சன்ஹெத்ரின் பகுதியில் வேறொரு வாதம். ‘என் நாமம் அவர் உள்ளத்தில் இருக்கிறது’ என்று யாத்திராகமத்தில் வரும் தூதர் மெட்டட்ரான் என்கிறார் ஒரு ரபி. அப்படியானால் அவரையே வணங்கலாமே என்று எதிராளி மடக்குகிறார். அவரை வெறும் தூதராகக்கூட நாங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை என்று பதில் வருகிறது. பழைய பண்டிதர்கள் பயந்தது எதற்கோ அதுவே புல்மேன் கதையில் நடந்துவிட்டிருக்கிறது. எழுத்தர் உட்கார்ந்தார், எழுந்திருக்கவே இல்லை.

நாயகி லைராவின் தாய் மிஸஸ் கூல்ட்டரிடம் மெட்டட்ரான் அவ்வளவு எளிதாக ஏமாறுவது நம்பும்படி இல்லையே?

பலரும் குறை சொல்லும் இடம் இது. எல்லாம் அறிந்த தேவதூதன், ஒரு பெண்ணின் பேச்சில் மயங்கிப் பாதாளத்தின் விளிம்புக்கு வருவதா? மூலக்கதை தெரிந்தால் இந்தக் காட்சியின் எடை மாறும். அதற்கு 1 ஏனோக்கில் வரும் ‘காவலர்கள்’ கதையைச் சொல்லியாகவேண்டும்.

யாரேத்தின் காலத்தில், அதாவது ஏனோக்கின் அப்பா காலத்தில், வானத்துக் காவலர்களான தேவதூதர்கள் 200 பேர் மனிதப் பெண்களின் அழகைக் கண்டு ஆசைப்படுகிறார்கள். தலைவன் பெயர் செம்யாசா. அவனுக்கு உள்ளூரப் பயம்: ‘நீங்கள் பின்வாங்கிவிட்டால் பழி என் ஒருவன் தலையில் விழுமே.’ ஆகவே எல்லோரும் எர்மோன் மலையில் இறங்கி, யாரும் மாறக்கூடாது என்று சாபத்தோடு சத்தியம் செய்துகொள்கிறார்கள். எர்மோன் இன்று சிரியா, லெபனான் எல்லையில் நிற்கும் நிஜ மலைதான். உயரம் 2,814 மீட்டர்.

பெண்களை மணக்கிறார்கள். ராட்சதப் பிள்ளைகள் பிறந்து, மனிதர் விளைவித்ததையெல்லாம் தின்று தீர்த்து, பிறகு மனிதரையே தின்னத் தொடங்குகிறார்கள். குற்றம் அதோடு நிற்கவில்லை. காவலர்கள் வித்தைகளையும் கற்றுக்கொடுத்தார்கள். அசாசேல் வாள், கத்தி, கேடயம் செய்யச் சொல்லிக்கொடுத்தான். வளையல், அணிகலன், கண்ணுக்கு மை, சாயம் எல்லாம் அவன் கைவரிசை. வேறொருவன் வேர்களையும் மந்திரத்தையும், மற்றொருவன் நட்சத்திரம் பார்க்கவும். நூலின் பிற்பகுதியில் பெனெமூயே என்ற ஒருவன் மையும் தாளும் கொண்டு எழுதக் கற்றுக்கொடுத்தான், அதனால் பலர் கெட்டார்கள் என்று வருகிறது. எழுத்தரான ஏனோக்கின் பெயரிலேயே வந்த நூலில் எழுத்தின் மேல் இப்படி ஒரு புகார்!

தண்டனை அறிவிக்கப்பட்டதும் காவலர்கள் நடுங்கி, எங்களுக்காக ஒரு மன்னிப்பு விண்ணப்பம் எழுதிக்கொடு என்று ஏனோக்கிடம் கேட்கிறார்கள். வெட்கத்தில் அவர்களால் வானத்தை நோக்கிக் கண்ணை ஏறெடுக்க முடியவில்லை. ஏனோக்கு எழுதுகிறார். எர்மோனுக்குத் தென்மேற்கே தாண் நீரோடை அருகில் உட்கார்ந்து, எழுதியதை வாசித்துக்கொண்டே தூங்கிப்போகிறார். கனவில் தீர்ப்பு வருகிறது. மனிதருக்காகத் தேவதூதர் பரிந்து பேசவேண்டுமே தவிர, தேவதூதருக்காக மனிதன் வந்து நிற்கலாமா என்று கேட்டு, மனு தள்ளுபடி. அந்த மறுப்பை அவர்களிடம் கொண்டுபோய்ச் சொல்வதும் ஏனோக்கேதான்.

இப்போது நாவலுக்கு வாருங்கள். பெண்ணாசையால் விழுந்த தேவதூதர்களுக்குத் தீர்ப்பு வாசித்த அதே மனிதன், தேவதூதனானபின் அதே ஆசையால் விழுகிறான். நான் மனிதனாக இருந்தபோது எனக்குப் பல மனைவியர், யாரும் உன் அளவுக்கு அழகில்லை என்கிற மாதிரி அவன் பேசுவதைக் கவனியுங்கள். மிஸஸ் கூல்ட்டர் அவனை ஏமாற்றுவது வெறும் அழகாலும் இல்லை. அவள் மனதுக்குள் புகுந்து பார்க்கிறான். அங்கே கண்டதெல்லாம் பொய், பேராசை, கொடூரம். அது அவனுக்குப் புரிந்த சரக்கு, ஆகவே நம்புகிறான். மகள் லைரா மேல் அவளுக்கு இருந்த பாசம் மட்டும் அவன் பார்வைக்குத் தப்பிவிடுகிறது. கடைசியில் லைராவின் தந்தை லார்ட் அஸ்ரியலும் அவளுமாக அவனைப் பிடித்திழுத்து, மூவரும் பாதாளத்தில் விழுகிறார்கள். பழைய நூலிலும் காவலர்களைக் கட்டி இருளில் தள்ளுவதுதான் தண்டனை. அசாசேலை வனாந்தரத்தில் பள்ளம் தோண்டிப் போட்டு, மேலே கூரான பாறைகளைக் குவிக்கிறார்கள்.

காவலர்கள் வித்தை கற்பித்த பகுதிக்கு நாவலில் இடம் உண்டா?

உண்டு, அதுவும் தலைகீழாக. காவலர்கள் மேல் இரண்டு குற்றச்சாட்டு: ஒன்று காமம், மற்றொன்று கல்வி. புல்மேன் அந்தக் குற்றப்பத்திரிகையை இரண்டாகக் கிழிக்கிறார் என்பது என் வாசிப்பு. காமம் மெட்டட்ரானுக்குப் போகிறது. கற்பித்த பாதி, அத்தாரிட்டியின் பொய்யைக் கண்டுபிடித்த ஸாஃபானியா என்ற பெண் தேவதூதருக்கும் அவர் பக்கத்துக் கிளர்ச்சியாளர்களுக்கும் போகிறது. அங்கே அது குற்றமாக இல்லாமல் கதையின் பெரிய அறமாகவே ஆகிவிடுகிறது. மனித மனங்களைத் திறக்க அவர்கள் முயன்றார்கள், மூடிவைக்க அத்தாரிட்டியின் சபைகள் முயன்றன என்று லைராவிடமும் வில்லிடமும் கடைசியில் சொல்லப்படுகிறது. இரண்டாவது நாவலில் மேரி மலோன் என்ற விஞ்ஞானி கணினித் திரையில் தேவதூதர்களோடு பேசும்போது, மனிதப் பரிணாமத்தில் தலையிட்டீர்களா என்கிறாள். ஆமாம். ஏன்? ‘பழிவாங்க’ என்று பதில் வருகிறது. காவலர்கள் கதை தெரிந்தவருக்கு அந்த ஒற்றைச் சொல் போதும்.

ஏனோக்கின் புத்தகம் பைபிளில் ஏன் இல்லை?

எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் பைபிளில் 1 ஏனோக்கு இருக்கிறது. புதிய ஏற்பாட்டில் யூதா நிருபம் அதிலிருந்து மேற்கோளும் காட்டுகிறது. தெர்த்துல்லியன் போன்ற ஆரம்பகாலக் கிறிஸ்தவ எழுத்தாளர்கள் அதற்காக வாதாடினார்கள்; பிற்கால இறையியலாளர் அகுஸ்தீன் காலத்தில் மேற்கத்தியச் சபை கைவிட்டுவிட்டது. அதன்பின் ஐரோப்பாவில் ஏறக்குறைய மறைந்தே போயிற்று.

திரும்பக் கிடைத்த விதம் சுவையானது. ஜேம்ஸ் புரூஸ் என்ற ஸ்காட்லாந்துப் பயணி 1773இல் எத்தியோப்பியாவிலிருந்து கீயெஸ் என்ற பழைய எத்தியோப்பிய மொழிக் கையெழுத்துப் பிரதிகள் மூன்றைக் கொண்டுவந்தார். ஒன்று ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்துக்குப் போனது. அதை வைத்து ரிச்சர்ட் லாரன்ஸ் 1821இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அதன்பின் ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக் தன் கடைசி ஆண்டுகளில் காவலர்களும் பெண்களும் வரும் சில கோட்டோவியங்களை வரைந்தார். புல்மேன் பிளேக்கின் தீவிர ரசிகர். அவருடைய லைரா வளர்வதும் ஓர் ஆக்ஸ்ஃபோர்டில். 20ஆம் நூற்றாண்டில் சாக்கடலோரம் கும்ரான் குகைச் சுருள்களில் இந்நூலின் அரமேயத் துண்டுகளும் கிடைத்துவிட்டதால், இதன் பெரும்பகுதி கிறிஸ்துவுக்கு முந்தையதுதான் என்பதில் சந்தேகம் இல்லாமல் போயிற்று.

பாரூக் நிஜமாகவே ஏனோக்கின் தம்பியா?

நாவலில்தான் உடன்பிறப்பு. பைபிளில் பாரூக்கு எரேமியா தீர்க்கதரிசியின் எழுத்தர்; ஏனோக்குக்கும் அவருக்கும் நடுவே எத்தனையோ தலைமுறை. ஆனால் பாரூக்கு பெயரிலும் வானப் பயண நூல் ஒன்று பழங்காலத்தில் உண்டு. இருவருமே எழுத்தர்கள், இருவருமே வானம் போனவர்கள். அண்ணன் தம்பி ஆக்கியது பொருத்தம்தான். நாவலில் ஏனோக்கு தன் சகோதரனையே விரட்டிவிடுகிறான் என்பது மட்டும் முழுக்கப் புல்மேன் சேர்த்தது.

லார்ட் அஸ்ரியல் என்பது மரணத் தூதரின் பெயரா?

ஒலி ஒற்றுமைதான். மரணத் தூதர் அஸ்ரேல். முஸ்லிம்கள் இஸ்ராயீல் என்பார்கள். அஸ்ரியேல் என்று எண்ணாகமத்தில் மனாசே வம்சத்தில் ஒருவர் வருகிறார்.

தேவதூதர்களைவிட மனிதர்களுக்கு வலிமை அதிகம் என்கிறதே நாவல்?

புல்மேன் மரபை மிகத் துணிச்சலாகப் புரட்டிப்போட்ட இடம். உனக்கு உண்மையான சதை இருக்கிறது, எங்களுக்கு இல்லை என்று பல்தமோஸ் வில்லிடம் சொல்கிறார். 3 ஏனோக்கில் சதை தீயாவது பதவி உயர்வு. இங்கே அது இழப்பு. ஏனோக்கு என்ற மனிதன் எதை விட்டுக் கொடுத்து மெட்டட்ரான் ஆனானோ, அதற்காகத்தான் கடைசிவரை ஏங்குகிறான். கூல்ட்டர் தூண்டில் போடுவதும் அதில்தான். அந்த அத்தியாயத்தை இந்தக் கண்ணோடு திரும்பப் படித்தால், அவன்மேல் கொஞ்சம் பரிதாபம்கூட வரும்.

இஸ்லாத்தில் இந்தக் கதைகள் உண்டா?

மெட்டட்ரான் குர்ஆனில் இல்லை. ஆனால் ஏனோக்கை இத்ரீஸ் நபியோடு பெரும்பாலோர் அடையாளம் காண்கிறார்கள். அவரை உயர்ந்த இடத்துக்கு உயர்த்தினோம் என்று 19ஆம் அத்தியாயம் சொல்கிறது. மிஃராஜ் என்ற விண்ணேற்றப் பயணத்தில் நபிகள் அவரை நான்காம் வானத்தில் சந்தித்ததாக ஹதீஸ் உண்டு. பேனாவால் முதலில் எழுதியவர் அவர் என்ற வழக்கையும் கேட்டிருப்பீர்கள், இங்கும் எழுத்தர்தான். அவர் தேவதூதர் ஆகவில்லை, நபியாகவே இருக்கிறார்.

காவலர்கள் கதைக்குக் கிட்டத்தில் வருவது பாபிலின் ஹாரூத், மாரூத். குர்ஆன் 2:102இல் அவர்கள் ‘நாங்கள் ஒரு சோதனை’ என்று எச்சரித்துவிட்டே கற்பிக்கிறார்கள். சுஹரா என்ற பெண்ணிடம் மயங்கினார்கள், அவள் வெள்ளி நட்சத்திரமானாள் என்பதெல்லாம் பிற்காலக் கதைகளில் வருவது. அறிஞர்கள் பலர் அவற்றை ஏற்பதில்லை.

‘மெட்டட்ரான் கியூப்’ என்று டாலர், டாட்டூ எல்லாம் விற்கிறார்களே?

பழைய யூத நூல் எதிலும் அப்படி ஒன்று கிடையாது. வட்டங்களும் கோடுகளும் கொண்ட அந்தப் படம் தற்கால நியூ ஏஜ் ஆன்மீகத்தின் சரக்கு. அழகாக இருக்கிறது, வாங்கிப் போட்டுக்கொள்வது உங்கள் இஷ்டம்.

டிவி தொடரில் மெட்டட்ரானாக நடித்தவர் யார்?

அலெக்ஸ் ஹாஸல். 72 சிறகும் மின்னல் இமையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். மனித முகத்தோடுதான் வருகிறான்.

மூலநூல்களில் எதை முதலில் படிக்கலாம்?

1 ஏனோக்கில் 6 முதல் 16 வரை அதிகாரங்கள். ஒரே மூச்சில் படித்துவிடலாம். காவலர்கள், விண்ணப்பம், தீர்ப்பு எல்லாம் அதற்குள் முடிந்துவிடும். பிறகு 3 ஏனோக்கின் முதல் 16 அதிகாரங்கள். சாட்டையடிக் கதையின் இன்னொரு வடிவம் அந்தப் பகுதியின் முடிவில் வரும், மெட்டட்ரான் தன் வாயாலேயே சொல்வதாக. இரண்டையும் முடித்த கையோடு ‘தி ஆம்பர் ஸ்பைகிளாஸ்’ புத்தகத்தின் 30, 31ஆம் அத்தியாயங்களை எடுங்கள். பழைய நூல்களின் மற்ற பகுதிகள், குறிப்பாக 1 ஏனோக்கின் வானியல் பகுதி, பொறுமையைச் சோதிக்கும். வருஷத்துக்கு 364 நாள்தான் என்று விடாப்பிடியாக நிற்கும் அந்தக் கணக்கைக் காலண்டர் பிரியர்களுக்கு விட்டுவிடலாம்.